இணைப்புத் தண்டு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்ததும், செவ்வாய்க் கோள் குடியேற்றத்தின் வழக்கப்படி ஓர் ஊழியர் வந்து வடிவாம்பாளின் குரலை வீட்டில் ஏற்றிவிட்டுப் போனார். கதவு, அடுப்பு, காற்றுக்குழாய் எல்லாவற்றிலும் இனி அவள்தான் பேசுவாள். உயிரோடிருந்தபோது அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நினைவுச்சில்லு, அவள் பேசியது, அறிந்தது அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் செத்துப்போன அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வேலைக்கே கிளம்புவார்.

வடிவாம்பாளின் கணவர் அம்பலவாணனுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. காலையில் அடுப்புப் பக்கம் போனால், "பல்லு தேச்சாச்சா?" என்று ஆளில்லாத இடத்திலிருந்து குரல் வரும். பதில் சொல்லமாட்டார். குரலை எடுக்க மகளும் கையெழுத்துப் போடவேண்டும். பொற்கொடியை அழைத்துக் கெஞ்சிப் பார்த்தார்.

"எடுத்துடச் சொல்லும்மா. என்னால முடியல."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்ப்பா. எனக்கு அம்மா வேணும்."

பேசாத பொருள் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று அவர் ஒரு நீராவி வண்டி செய்ய உட்கார்ந்தார். முழ நீளம்தான். பழைய எண்ணெய் டப்பா கொதிகலன் ஆயிற்று. துண்டுக் குழாய் ஒன்றுக்குள் உந்துதண்டு. நீராவி தள்ள, அது முன்னும் பின்னும் போகும். அந்தப் போக்குவரத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுவது இணைப்புத் தண்டு. அதன் ஒரு முனை உந்துதண்டில், மறுமுனையின் துளை சக்கர விளிம்பருகே ஒரு திருகாணியில். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். மூன்று வாரமாகியும் வண்டி நகரவில்லை. அரைச் சுற்று சுற்றும், விக்கும், நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு பிற்பகல் திருகாணியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியபோது, தலைக்கு மேலிருந்த காற்றுக்குழாய் பேசியது.

"இறுக்கிட்டே போனா எப்படிங்க சுத்தும்? ஓட்டைய ஒரு மயிரிழை பெருசாக்குங்க. தண்டு வேற நீளம். கடைசியில போய் குழாய் மூடியில இடிக்குது பாருங்க."

வடிவாம்பாள் இருபத்தாறு ஆண்டுகள் குடியேற்றத்தின் காற்றுப் பம்புகளைப் பழுதுபார்த்தவள். அந்த வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. இப்போதும் பதில் பேசாமல் தண்டைக் குறுக்கினார், துளையை அராவினார். கொதிகலனுக்கு அடியில் சூட்டுத்தட்டை வைத்தார். சக்கரம் தயங்கியது.

"வாடி என் தங்கம்," என்றார், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு. "இன்னும் கொஞ்சம்... என் ராசாத்தியில்ல..."

ஆணி துளைக்குள் வழுக்கியது. சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றியது. இன்னொன்று. வண்டி புஸ்புஸ்ஸென்று தரையில் ஓடியது.

"எவ்வளவு அழகா போறே, கண்ணு!"

அறையில் காற்றின் இரைச்சல் தணிந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"ஏங்க," என்றது குரல், மிக அருகில். "உங்களுக்கு இப்படியெல்லாம் பேச வரும்னு எனக்குத் தெரியாமலே போச்சே."

அவர் ஓடும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொற்கொடி கையெழுத்துப் போட வேணாம். குரலே தன்னை எடுத்துடச் சொல்லிக் கேட்டா எடுத்துடுவாங்க. இதுவரைக்கும் எந்தக் குரலும் கேட்டதில்லையாம். நான் கேட்டுட்டேன்."

எங்கோ சுவருக்குள் ஒரு சொடுக்குச் சத்தம். அவ்வளவுதான். வண்டி சுவரில் முட்டி நின்றது.

"வடிவு?" என்றார். எழுந்து ஓடினார். கதவு தானாகத் திறந்தது. வழக்கம்போல் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று அது கேட்கவில்லை.

மறுநாள் குரலை எடுத்துவிட்ட செய்தி கேட்டுப் பொற்கொடி பதறி வந்தபோது, கதவில் குங்குமப் பொட்டு இருந்தது. காற்றுக்குழாயில் ஒரு காகிதப்பூ மாலை தொங்கியது. அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்பலவாணன் சாப்பிட்டாயா, அலுப்பா இருக்கா, இன்றைக்குப் பம்பில் என்ன கோளாறு என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு குழைவு.

"அப்பா," என்றாள் பயந்துபோய். "அதுல அம்மா இல்லப்பா."

"தெரியும்மா," என்றார் அவர். "அதனாலதான் பேச வருது."