குறுக்கே பேசாதீங்க, அத்தா!

தொலைபேசி அலறியது!

அப்துல் வாஹித் எடுத்தார்.

"திருடனோட அத்தாவா பேசுறது?"

மகளுக்குக் கேட்காதபடி அவர் திரும்பி நின்றார்.

"ஊரான் நம்பிக் குடுத்த டிஜிட்டல் நாணயத்தை எல்லாம் எவனுக்கோ அனுப்பிட்டுக் கெணத்துல குதிச்சான்ல ஒங்க மவன்... அவனுக்குப் பள்ளிவாசல்ல துஆ வேற கேக்குறீகளாக்கும்!"

இணைப்பு அறுந்தது.

நாகல் நகரில் தோல் வியாபாரம் செய்து நற்பெயர் ஈட்டியவர் வாஹித். மகன் இஷாக் இறந்த பின்னர் அப்பெயர் மறைந்து, வேறு இரண்டு பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. திருடனின் தந்தை... தற்கொலை செய்துகொண்டவனின் தந்தை!

முதலாவதை அவர் தாங்கிக்கொண்டார். இரண்டாவதோ, தொழுகையில் நெற்றி தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவரைக் குத்திற்று. மார்க்கம் விலக்கிய மரணம் அல்லவா அது!

"யாரு அத்தா போன்ல?" மகள் ஷாஹினா மடிக்கணினியைத் துடைத்தவாறே கேட்டாள்.

"யாரோ... ராங் நம்பர்."

அவள் நம்பவில்லை.

அந்தக் கணினியில் இருந்தது இஷாக் பாதியில் விட்டுச் சென்ற உழைப்பு. டிஜிட்டல் நாணயம் எவரிடமிருந்து எவரிடம் சென்றது என்பதை அழிக்கவொண்ணாத சங்கிலியாகப் பதிந்து வைப்பது பிளாக்செயின். அதற்குள் தேடிப் பார்க்கத் தமிழில் ஒரு கருவியை அவன் செய்துகொண்டிருந்தான். அதைத்தான் ஷாஹினா இப்போது ஒவ்வொருவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன் அண்ணன் கபுருல மண்ணு காயலம்மா... அதுக்குள்ள அவன் செஞ்ச சாமானைக் காட்டி நல்லாருக்கா, நல்லால்லையான்னு கேக்குறியே!"

"அவன் முடிக்காததை நான் முடிக்கிறேன் அத்தா."

"எனக்கு மனசு ஒப்பல."

"செத்த நேரம் பொறுங்க. ஒண்ணே ஒண்ணு... வர்றவுக என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதீங்க, அத்தா! சொல்லிக் குடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. மனசுல ஓடுறதை அவுகளே வாய்விட்டுச் சொல்லணும். அதான் இந்த வேலைக்கு முறை."

வாஹித் பெருமூச்செறிந்து தேநீர் வைக்கச் சென்றார்.

திரும்பியபோது கூடத்தில் இருவர் இருந்தனர். சுவரோரம் துண்டும் மஞ்சள் பையுமாகக் காத்திருந்தவர், ஒட்டன்சத்திரத்துத் தக்காளி வியாபாரி என்று ஷாஹினா சொன்னாள். கணினியின் முன் அமர்ந்திருந்தவனோ நிஹால்! இஷாக்கின் உயிர்த்தோழன். கருவிக்கு ஆள் சேர்த்தவன். மகனின் உடல் கிடந்த சந்தூக்கை முதலில் தோளில் ஏற்றியவன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா! இம்புட்டு மெலிஞ்சுட்டீங்களே... சாப்டீங்களா?"

வாஹித்தின் கண்கள் நிறைந்தன. மகன் போன பின் அவர் உண்டாரா எனக் கேட்ட வெளியாள் இவன் ஒருவன்தான்.

"ஆரம்பிங்கண்ணே" என்றாள் ஷாஹினா. "தோணுறதைச் சொல்லிக்கிட்டே பாருங்க."

"எழுத்து எறும்பு மாதிரி ஊருது. மாமாவுக்குப் பூதக்கண்ணாடி வாங்கணும்!"

தக்காளி வியாபாரி சிரித்தார்.

"இந்தப் பச்சைக் கலரு... கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. மாத்து."

"சரிண்ணே. இப்ப இந்தப் பக்கம்..."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

நிஹாலின் கை நின்றது.

"இது... இஷாக் கணக்குல இருந்து..."

"அவன் கடைசியா அனுப்புனது. நேரம் தெரியுதாண்ணே?"

"மத்தியானம்... பன்னெண்டே முக்கால்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒட்டன்சத்திரத்துல ஒண்ணாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்ததா போலீஸ்ல சொன்னீங்கள்ல?"

அத்துடன் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இதை ஏன் காட்டுகிறாள் இந்தப் பெண் என்று வாஹித்துக்கு நெஞ்சு எரிந்தது. ஆயினும் பேசக் கூடாதே!

"நான் பாக்கல... அவன் போனையே தொடல ஷாஹினா!"

அவள் மௌனம்.

"நான் பக்கத்துல இருந்துக்கிட்டு விட்ருவேனா?"

மௌனம்.

நிஹால் திரையைத் தட்டினான்.

"ஒன் சாமான்லதான் கோளாறு! சாயந்தரம் போனதை மத்தியானம்னு காட்டுது. மஃரிப் பாங்கு சொல்லும்போதுதான் அது போச்சு!"

முறையை மீறிக் குறுக்கே ஒரு குரல் வெடித்தது.

வாஹித்தின் குரல்!

"அந்த மஃரிபுக்கு எம்புள்ள மையத்தாக் கெடந்தான்டா! மத்தியானமே, அஸர் தொழுகைக்கு முன்னாடியே உசுரு போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு... அப்புறம் எவன்டா அனுப்புனான்?"

நிஹால் எழுந்தான். நாற்காலி சாய்ந்தது.

"நீங்க சொன்னது சரிதாண்ணே" என்றாள் ஷாஹினா. "சாயந்தரம்தான் போச்சு. இந்தக் கருவியைப் பாத்துக் கருத்துச் சொல்ல வந்த ஒட்டன்சத்திரம் சிவனம்மாக்காதான் முதல்ல சொன்னாங்க, 'ஏனுங்க கண்ணு, பொழுது சாஞ்சு நான் அனுப்புனதை உச்சி வெயில்ல அனுப்புனதாக் காட்டுதுங்களே'ன்னு. அண்ணன் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுற லண்டன் கடிகாரத்தை நம்மூருக்கு மாத்தாம விட்ருந்தான். அன்னைக்கே திருத்திட்டேன்... எல்லாருக்கும்!"

"அப்ப இது..?"

"உங்க ஒருத்தருக்கு மட்டும் பழையபடி வச்சேன். சரியான நேரம் அவன் போனைத் திருடி வச்சிருந்தவனுக்குத்தானே தெரியும்?"

நிஹால் வாசலை நோக்கிப் பாய்ந்தான்!

தக்காளி வியாபாரி காலை நீட்டினார். விழுந்தவனின் கரங்களில், மஞ்சள் பையிலிருந்து வெளிவந்த விலங்கு பூட்டிக்கொண்டது.

"இன்ஸ்பெக்டர் காத்தமுத்து. தக்காளிக்கும் எனக்கும் ரசத்தோட சரி."

வாஹித் தள்ளாடி அருகே வந்தார். சந்தூக்கைத் தாங்கிய அந்தத் தோளைத் தொட்டார். அடிக்கவில்லை.

"எம்புள்ளையக் கெணத்துல தள்ளுன கையாலேயே தூக்கவும் வந்தியாடா..."

பின்னர் தரையில் அமர்ந்து, மகன் இறந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதார்.

"குதிக்கலம்மா... எம்புள்ள குதிக்கல..."

ஷாஹினா அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

தொலைபேசி மறுபடியும் அலறியது. அதே எண்!

வாஹித் கண்களைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"ஆமா... இஷாக்கோட அத்தாதான் பேசுறேன். சொல்லுங்க."

வாசலில் நிஹால் திமிறினான். "சார்... நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க சார்!"

"கேக்கத்தானப்பு கூட்டிட்டுப் போறோம்" என்றார் காத்தமுத்து. "ஸ்டேஷன்லயும் இதே முறைதான், மனசுல ஓடுறதை அப்படியே சொல்லணும். என்ன... அங்க நாங்க குறுக்கே பேசுவோம்!"