நல்ல தண்ணி

அன்புமொழி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

பேய்க்கணவாய்க் குட்டி, அந்தச் சின்ன ஆக்டோபஸ், வெளுத்துக் கிடந்தது. காலையில் கற்களுக்கு நடுவே அவள் பிடித்தபோது, எட்டுக் கைகளாலும் அவள் விரலை இறுக்கிக்கொண்டது. இப்போது அந்தக் கைகள் நனைந்த நூல் போலத் துவண்டிருந்தன.

"அழகி! என்னடி செஞ்ச?"

"நீதானக்கா நல்ல தண்ணியா ஊத்தி வைன்னு சொன்ன? பழசைக் கொட்டிட்டு, கேன் தண்ணி ஊத்துனேன். குடிக்கிற தண்ணி!" ஐந்து வயதுத் தங்கை பெருமையாகச் சிரித்தாள்.

கலங்கல் இல்லாத கடல் தண்ணீரைத்தான் அன்புமொழி சொன்னாள். ஆனால் கடலே இல்லாத கீரமங்கலத்தில், அவர்கள் வீட்டில், நல்ல தண்ணி என்றால் குடிதண்ணீர்தானே?

'அறிவிருக்கா?' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் கேள்வியைத் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. விழுங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுச் சரண்யா ஓடி வந்தாள். கோட்டைப்பட்டினம் பக்கத்தில் இருந்த அவள் வீட்டுக்குத்தான் விருந்துக்கு வந்திருந்தார்கள். அன்புமொழி, சரண்யா இருவரின் அப்பாக்களும் துபாயில் ஒரே அறைவாசிகள்.

"ஐயோ, உப்பில்லாத தண்ணியில இது பொழைக்காதுடி! தூக்கு வாளிய!"

மூவரும் கரையில் கொட்டியிருந்த பெரிய கற்களை நோக்கி ஓடினார்கள். கடல் வற்றி உள்வாங்கியிருந்தது. கற்களுக்கு இடையில் மட்டும் குட்டை குட்டையாகத் தண்ணீர்.

"இங்கிட்டே விடு!" என்றாள் சரண்யா.

அன்புமொழி முதலில் கையை விட்டுப் பார்த்தாள். "வேணாம். வெயில்ல சுடுது."

நிழலில் ஒரு குட்டை இருந்தது. கையை அதில் நனைத்து, குட்டியை அள்ளி மெல்ல உள்ளே விட்டாள். அது அடியில் போய்க் கிடந்தது. அசையவில்லை.

ஒரு நண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்தது.

"திங்க வருதுக்கா!"

அன்புமொழி விரலால் தண்ணீரைத் தட்டினாள். நண்டு முறைத்துவிட்டுப் பின்வாங்கியது.

"செத்துப்போச்சா? என்னாலயா?" அழகியின் உதடு பிதுங்கியது.

"ஒன்னால இல்ல. கடல் தண்ணின்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தன் வாளியைச் சுற்றிக் கூடுவதாகக் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது நினைக்கவே கூச்சமாக இருந்தது.

குட்டியின் ஒரு கை நுனியில் சுருண்டது. பிறகு கல்லைப் பற்றியது. வெளுப்பின் மேல் பழுப்பு மெல்லப் பரவியது. அடுத்த நொடி, குட்டையில் கல் மட்டும்தான் இருந்தது.

"எங்கடி போச்சு?" சரண்யா குனிந்து கண்ணால் துழாவினாள். "கண்டுபிடி. இந்தத் தடவ நான் கடல் தண்ணியே மொண்டு தாரேன். ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போ."

கல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் கண் விழித்திருந்தது. அது அன்புமொழியையே பார்த்தது.

"எங்கக்கா இருக்கு?"

"தெரியலையே" என்றாள் அன்புமொழி, அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே.