பொய்ப் பச்சை

போன் அலறியது!

சங்ககிரி பைபாஸ் ஓரத்து ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த மதன், இடது கையால் எடுத்தான்.

"சாமி... குணசீலன் போயிட்டான்!"

மருதாசலம். லாரி பாடி கட்டும் பட்டறையின் ஓனர்.

"வெல்டர் அண்ணனா? எங்கீங்க போனாரு?"

"செத்துப்போயிட்டான்டா! ஸ்டாண்டு மடங்கி, ட்ரெய்லர் சேசிஸ் நெஞ்சு மேலயே விழுந்திருச்சு. உன்ற கம்ப்யூட்டரு பச்சை காட்டுச்சுன்னுதானே அடியில அனுப்புனேன்!"

மதன் கையிலிருந்த பரோட்டாவைத் தட்டில் போட்டான்.

பச்சை...

பட்டறைக்கு ஒரு சிமுலேஷன் சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். இரும்பை வரைந்து பாரம் ஏற்றினால், தாங்குமா மடங்குமா என்று திரையிலேயே சொல்லிவிடும். பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டுகளைச் சோதிக்க, அதற்குள் சொருகுகிற சின்ன ப்ளக்-இன் ஒன்றை எழுதித் தருவது மதன் வேலை.

எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் செட்டப் பண்ண வேண்டுமே! கம்பைலர் ஒத்துவராது. லைப்ரரி கிடைக்காது. மண்டை காய்ந்தது. ப்ளக்-இன் சொருகுதா என்று பார்க்க மட்டும், ஒரு டம்மியைப் போட்டு வைத்தான். எதைக் கொடுத்தாலும் பச்சை விளக்கு. கணக்கே கிடையாது.

அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். எடுக்கவில்லை.

குணசீலன் ஒரு நாள் எட்டிப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது.

"ஏனுங் கம்ப்யூட்டரு, உங்க பச்சையை நம்பி அடியில படுக்கலாமுங்களா?"

"தாராளமா படுங்கண்ணா!"

படுத்துவிட்டான்...

மதன் தட்டைத் தள்ளிவிட்டு பட்டறைக்கு ஓடினான்.

பட்டறை வாசலில் போலீஸ் ஜீப். சேசிஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டின் கால்கள் சோளத்தட்டு மாதிரி மடங்கிக் கிடந்தன.

மருதாசலம் அவன் தோளில் கை போட்டார்.

"நீ வேணும்னேவா பண்ணுன சாமி? தெரியாம ஆயிப்போச்சு. இன்ஸ்பெக்டரம்மாகிட்ட ஒத்துக்க. வக்கீலை நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன்! மதனுக்கு அழுகை முட்டியது. நேராக இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி முன்னால் போய் நின்றான்.

"மேடம்... நான்தாங்க கொன்னேன்."

"அட! தேடாமலே வர்றியே. எப்படிக் கொன்னே?"

டம்மி, பச்சை, மறதி... எல்லாவற்றையும் கொட்டினான்.

"காலையில அந்தப் பச்சையைப் பார்த்தது யாரு?"

"நானுங்க மேடம்," என்றார் மருதாசலம். "என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். ஸ்டாண்டைப் போட்டேன், பளிச்சுன்னு பச்சை!"

"எனக்கும் காட்டுங்க."

ஆபீஸ் அறை. மதன் சாஃப்ட்வேரைத் திறந்து ப்ளக்-இன்னைத் தட்டினான்.

பச்சை வரவில்லை.

சிவப்பும் வரவில்லை!

ஒரு சாம்பல் பெட்டி மட்டும் வந்தது. 'இந்த ப்ளக்-இன்னை ஏற்ற முடியவில்லை. சாஃப்ட்வேர் பழைய பதிப்பு.'

"என்னப்பா இது?"

"என் லேப்டாப்ல ஓடுச்சுங்க மேடம்!"

"இதுல?"

"காப்பி பண்ணி வெச்சுட்டுப் போயிட்டேனுங்க... ஓட்டிப் பாக்கலை."

"அப்ப இந்த மெஷின்ல இது ஒரு தடவைகூட ஓடலை?"

"ஓட வழியே இல்லீங்க!"

அறிவுச்செல்வி மெதுவாகத் திரும்பினாள்.

"அய்யா... ரெண்டு கண்ணால பாத்த பச்சை எங்கே?"

மருதாசலம் கையை நீட்டி மதனைக் காட்டினார்.

"எதைப் போட்டாலும் பச்சைதான் வரும்னு போன வாரமே இவன் போன்ல எவன்கிட்டயோ சொல்லிச் சிரிச்சானுங்க மேடம்! நான் என்ற காதால..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

லேட்!

"ஆக... அது பொய்ப் பச்சைன்னு போன வாரமே தெரியும். தெரிஞ்சே அந்த ஒல்லிக்கால் ஸ்டாண்டைக் குடுத்து ஆளை அடியில அனுப்பியிருக்கீங்க. மாட்டிக்க இந்தப் பையன் இருக்கான், இல்ல?"

"மேடம், அது வந்து..."

"உங்க பட்டறை வெட்டி ஒட்டுன சேசிஸ் உடைஞ்சு ரெண்டு பேர் செத்த கேஸு. நாளைக்கு உங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல வேண்டியவன் குணசீலன். நான் எதுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தேன்னு நினைச்சீங்க?"

கான்ஸ்டபிள் மருதாசலத்தின் கையைப் பிடித்தான். ஜீப் கதவு சாத்தப்பட்டது.

மதன் நகரவில்லை. வெளியே அந்த இரண்டு கால்கள்.

"மேடம்... நான் அன்னிக்கு போன்ல அப்படிச் சிரிக்காம இருந்திருந்தா, ஓனருக்கு இந்த யோசனையே வந்திருக்காதுங்களே? படுங்கண்ணான்னு சொன்னதும் நான்தானுங்க."

"ஆமா. தப்புதான். அது ராத்திரி ராத்திரி உன்னைத் தூங்க விடாது. விடவும் கூடாது."

தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிய அறிவுச்செல்வி திரும்பினாள்.

"ஆனா தம்பி... உன் பச்சைகூட இந்த மெஷின்ல எரியலையே. அந்தத் தப்பையாவது முழுசா செஞ்சியா நீ?"