படங்குக்குள் ஏறிய இலக்கம்

இலக்கங்கள் முதலில் ஒழுங்காகத்தான் ஏறின.

நானூற்றுப் பத்து. ஐந்நூற்று இருபது. அறுநூற்றுப் பத்து. டீச்சரின் ஃபோனைப் பார்த்து நிரோஷன் சொல்லச் சொல்ல, லோஜினி அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"முந்நூற்று எண்பது" என்றான் நிரோஷன்.

லோஜினியின் பென்சில் நின்றது. "ஏய், சரியாப் பார்த்துச் சொல்லு."

"சரியாத்தான் சொல்றேன். இப்ப முந்நூற்று முப்பது. இன்னும் எறங்குது!"

அவர்களும் சர்மிளாவுமாக மூன்று பேரும் கிளாஸைப் பார்த்தார்கள். அதிலிருந்த சிவப்புத் தண்ணீர் ஒன்றும் தெரியாத பிள்ளைபோலச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

கொட்டகலைக்கு மேலே, தேயிலை மலையின் தோளில் இருக்கிறது அவர்களுடைய பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை அங்கே விஞ்ஞானக் கண்காட்சி. ஆறாம் வகுப்பிலிருந்து லோஜினி, நிரோஷன், சர்மிளா மூவருக்கும் ஒரு மேசை கிடைத்திருந்தது. சாயம் எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்று அளந்து காட்டுவதுதான் அவர்களுடைய வேலை.

கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரிங்கைத் தண்ணீரில் கலந்து சன்னலோரம் வைத்தார்கள். கிளாஸுக்குப் பின்னால் ஃபோனை நிறுத்தினார்கள். சன்னல் வெளிச்சம் சிவப்புத் தண்ணீரைக் கடந்து ஃபோனில் விழும். எவ்வளவு விழுகிறது என்பதை ஃபோன் இலக்கமாகக் காட்டும்.

சாயம் வெளிச்சத்தை விழுங்கும். அதனால் தண்ணீர் நன்றாகச் சிவந்திருக்கும்போது இலக்கம் சின்னதாக இருக்கும். ப்ளீச் விட்டால் சாயம் வெளுக்கும்; வெளுக்க வெளுக்க இலக்கம் பெரிதாகும். ஏறத்தான் வேண்டும். இறங்குவதற்கு வழியே இல்லை.

ஆனால் இறங்கிவிட்டது.

"வெளுத்த சாயம் திரும்பி வருமா?" என்று கேட்டான் நிரோஷன். பிறகு அவன் பார்வை சர்மிளாவின் கையிலிருந்த துளிக்குழாய்க்குப் போனது. "நீதான் ஏதோ கூடக்கொறைய விட்டுட்ட."

"இல்ல. எண்ணித்தான் விட்டேன்."

"ப்ளீச்சுக்குப் பதிலாக் கலரிங்க விட்டிருப்ப. நேத்தும் உன் கை நடுங்குச்சு."

"நேத்து குளிருச்சு!"

"இன்னைக்கு?"

சர்மிளா துளிக்குழாயை மேசையில் வைத்துவிட்டாள். அது உருண்டு லோஜினியின் தாளருகே வந்து நின்றது.

"நீங்களே செஞ்சுக்குங்க. நான் வரல்ல" என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினாள். அதுதான் லோஜினிக்கு என்னவோபோல் இருந்தது.

"இப்ப என்னா செய்றது?" என்றாள் லோஜினி.

நிரோஷன் தலையைச் சொறிந்தான். "எழுநூறு, எண்ணூறுன்னு நீயே ஏத்தி எழுதிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அப்போது கேதீஸ்வரி டீச்சர் உள்ளே வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பேசினால் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பேச்சை ரசித்துக் கேட்பார்கள். மீதிப் பேர் அதேபோலப் பேசிப் பார்ப்பார்கள்.

"என்ன பிள்ளையள், என்ர ஃபோனில தண்ணி பட்டிட்டுதோ?"

"இல்ல டீச்சர். இலக்கம் எறங்கிருச்சு."

டீச்சர் தாளைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "எனக்கும் விளங்கேல்லை. ஏன் எண்டு கண்டுபிடியுங்கோ. நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள சரிவரேல்லை எண்டால், மேசையை எட்டாம் வகுப்புக்குக் குடுக்கத்தான் வேணும். அவை எரிமலை செய்யப் போயினமாம்."

"திரும்பவும் எரிமலையா!" என்றான் நிரோஷன். போன வருடமும் எரிமலைதான். அதற்கு முந்தின வருடமும் எரிமலைதான்.

பின்னேரம் லோஜினி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இலக்கம் எழுதிய தாள். பக்கத்தில் கண்ணாடிக் கிளாஸில் பால் விடாத தேத்தண்ணி. அம்மா மலையிலிருந்து வந்து, ஈரப் படங்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து வெளியே கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடியின் ஈரம் உடம்பில் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த கறுப்பு விரிப்புதான் படங்கு.

லோஜினி தேத்தண்ணிக் கிளாஸை எடுத்தாள். வெயில் பட்டு அது செக்கச் செவேலென்று மின்னியது. அவள் ஒரு வாய் குடிப்பதற்குள் தேத்தண்ணி கறுத்துப்போனது.

கிளாஸை இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். யாரும் சாயம் ஊற்றவில்லை. யாரும் கிட்ட வரவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி மறுபடியும் சிவந்தது. பிறகு மறுபடியும் கறுத்தது.

லோஜினி நிமிர்ந்தாள். எதிர்மலையைக் காணவில்லை. கோயிலைக் காணவில்லை. கீழ் லயத்துக் கூரைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த பனிமூட்டம் சத்தமே இல்லாமல் மேலே வந்து, வெயிலை மூடி, வாசற்படிவரை வந்து நின்றது. பிறகு, வேறு எங்கோ வேலை இருப்பதுபோல, அப்படியே விலகிப் போனது.

இதைப் பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிறாள். இன்றைக்குத்தான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். இவ்வளவு பெரிய மலையை மறைக்கிற மூட்டம், ஒரு சின்னக் கிளாஸுக்குள்ளும் வந்து போயிருக்கிறது!

"அம்மா! தேத்தண்ணி தானாக் கறுக்குது, தானாச் செவக்குது!"

"எதுக்கும் குடிச்சிரு. பொறவு தானா ஆறிப்போகும்" என்றார் அம்மா.

லோஜினி ஒரே மடக்கில் குடித்தாள். "அம்மா, அந்தப் படங்க நாளைக்கு ஒரு நாளைக்கு எடுத்துக்கவா?"

"அப்ப நான் எதைக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறது? ஒன் சட்டையவா?"

"பழசு ஒன்னு இருக்குல்ல?"

"ஓட்டையா இருக்கே."

"ஓட்டை எத்தனை?"

அம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தார். "நல்ல பள்ளிக்கூடம்டி ஒங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே பழைய படங்கைத் தேடப் போனார்.

சர்மிளா அடுத்த லயத்தில் இருந்தாள். அடுப்பில் விறகு பிடிக்காமல் ஊதிக்கொண்டிருந்தவள், லோஜினியைப் பார்த்ததும் இன்னும் பலமாக ஊதினாள்.

"நான்தான் வரல்லன்னு சொன்னேன்ல."

"வர வேணாம். ஒரு நிமிஷம் வெளிய வந்து பாரேன்."

"எதைப் பார்க்க?"

"உன் கை மேல தப்பு இல்லன்னு பார்க்க."

சர்மிளா ஊதுவதை நிறுத்தினாள். முகமெல்லாம் சாம்பல். லோஜினி அவளை வாசலுக்கு இழுத்து வந்து, அவள் பாதி குடித்து வைத்திருந்த தேத்தண்ணிக் கிளாஸையே கையில் தூக்கிப் பிடிக்க வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். மூட்டம் வந்தது. தேத்தண்ணி கறுத்தது. மூட்டம் போனது. தேத்தண்ணி சிவந்தது.

"ஐயோ" என்றாள் சர்மிளா மெதுவாக. "அப்ப சாயம் திரும்பி வரல்ல. வெளிச்சம்தான் போயிருக்கு."

"ஆமா. நம்ம எல்லாரும் கிளாஸையே பார்த்தோம். சன்னலை யாருமே பார்க்கல."

"அந்த நிரோஷனும் பார்க்கல" என்றாள் சர்மிளா. அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுநாள் விஞ்ஞான அறையில் ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு முனையில் எரியும் டோர்ச், நடுவில் கிளாஸ், மறுமுனையில் ஃபோன். மூடியில் துளிக்குழாய் நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். ஃபோனைப் பார்க்க ஒரு சின்னப் பிளவு. பெட்டியின் மேல் பழைய படங்கு. அதன் ஓட்டைகளை லோஜினியின் அம்மா இரவே தைத்துக் கொடுத்திருந்தார்.

"இது என்னா, பெட்டி கொழுந்து பறிக்கப் போகுதா?" என்றான் நிரோஷன்.

"நீ சன்னல்கிட்ட நில்லு. மூட்டம் வந்தா சொல்லு" என்றாள் லோஜினி.

"நான் மூட்டம் பார்க்குற ஆளா?"

"ஆமா. நேத்து பார்த்திருந்தா இன்னைக்கு இந்த வேலை இல்ல" என்றாள் சர்மிளா.

நிரோஷன் போய் நின்றான். ப்ளீச் விடாமல், வெறும் சிவப்புத் தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்தார்கள். லோஜினி படங்குக்குள் தலையை விட்டாள். உள்ளே இருட்டு. தேயிலை வாசம். பிளவின் வழியே இலக்கம் மட்டும் ஒளிர்ந்தது.

"அறுபத்திரண்டு!"

"மூட்டம் வருது!" என்று கத்தினான் நிரோஷன். "எதிர்மலை போச்சு! கோயில் போச்சு! எங்க வீடும் போச்சு!"

"அறுபத்திரண்டு!"

"மைதானம் போச்சு! ஒன்னுமே தெரியல!"

"அறுபத்திரண்டேதான்!"

நிரோஷன் சன்னலை விட்டு ஓடிவந்தான். படங்கைத் தூக்கித் தானும் பார்த்தான். வெளியே மலையே இல்லை. உள்ளே இலக்கம் அசையவில்லை. அவன் சர்மிளாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, காதைச் சொறிந்தான்.

"நீயே ப்ளீச் விடு" என்றான். "உனக்குத்தான் சரியா எண்ண வரும்."

டீச்சர் தண்ணீர் கலந்து கொடுத்திருந்த ப்ளீச்சை, கையுறை போட்ட விரல்களால் சர்மிளா எடுத்தாள். துவாரத்தின் வழியே துளி துளியாக விட்டாள். ஒரு குச்சியால் ஒரு முறை கலக்கினாள். துவாரத்தை மூடினாள். கை நடுங்கவே இல்லை.

"எண்பது" என்றாள் லோஜினி. "தொண்ணூத்தாறு. நூத்தி ஒம்பது!"

நிரோஷன் எழுதினான். எழுதி முடிப்பதற்குள் அடுத்த இலக்கம் வந்துவிட்டது.

"நூத்திப் பத்தொம்பது. நூத்தி இருபத்தேழு."

லோஜினியின் குரல் மெதுவானது. இருட்டில் ஒரு இலக்கம், யாரும் தொடாமல், தானே ஏறிக்கொண்டிருந்தது. அங்கே எத்தனையோ சாயத் துணுக்குகள், கண்ணுக்குத் தெரியாத சின்னத் துணுக்குகள், ஒவ்வொன்றாக நிறம் இழந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வழிவிட, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வந்தது.

முதலில் ஓடி ஏறிய இலக்கம் பிறகு நடந்து ஏறியது. பிறகு தயங்கித் தயங்கி ஏறியது. நிரோஷன் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு வரைந்தான். செங்குத்தாகக் கிளம்பிய கோடு, போகப் போகச் சாய்ந்து, உச்சியில் தட்டையாகப் படுத்தது.

"எதிர்மலை மாதிரியே இருக்கு" என்றாள் சர்மிளா.

"சாயம் நிறைய இருக்கும்போது வேகமா வெளுக்குது. குறையக் குறைய வேகமும் குறையுது" என்றான் நிரோஷன். சொல்லிவிட்டு, இதைத் தான்தானா சொன்னோம் என்பதுபோல விழித்தான்.

சர்மிளா மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கிளாஸைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சு. வெறும் தண்ணி மாதிரி ஆயிருச்சு."

மூவரும் பார்த்தார்கள். துளிச் சிவப்புகூட இல்லை. மூடியை மூடினார்கள். லோஜினி கடைசியாக ஒரு தடவை பிளவின் வழியே எட்டிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "முடியல. நூத்தி நாப்பத்தொன்னு. இப்ப நூத்தி நாப்பத்திரண்டு."

"கண்ணுக்கு ஒன்னும் தெரியலையே!"

"கண்ணுக்குத் தெரியல. வெளிச்சத்துக்குத் தெரியுது."

எட்டாம் வகுப்பு அண்ணன்மார் எரிமலைக்கு மண் வாளியோடு கதவருகே வந்து, மூன்று பேரும் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கும்பிடுவதுபோலச் சுற்றி நிற்பதைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்கள்.

கேதீஸ்வரி டீச்சர் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "சரிவந்ததோ?"

"நீங்களே பாருங்க டீச்சர்" என்று சர்மிளா படங்கின் நுனியைத் தூக்கினாள்.

டீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து தலையை உள்ளே விட்டார். படங்குக்குள்ளிருந்து வெகு நேரம் சத்தமே இல்லை.

"டீச்சர்?" என்றான் நிரோஷன்.

"ஷ்ஷ்" என்றது படங்கு. "இன்னும் ஏறுது பிள்ளையள்."

மண் வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டாம் வகுப்பு அண்ணன்மாரும் வரிசையில் நின்றார்கள். பனிமூட்டமும் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. ஆனால் அதைத் திரும்பிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.