ஜோலீனின் தொள்ளாயிரம் புள்ளிகள்

சனிக்கிழமை, மாலை 4.20.

"யாரு என் இடத்துல உட்கார்ந்தது?"

ஜோலீன் போட்ட சத்தத்தில், உள்ளே உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்த கிளமென்ட் ரைமர் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல், மூக்கு நுனி சிவக்க, அவள் தன் திரையைக் காட்டியபடி நின்றாள். காலையிலிருந்து அந்தத் திரையின் மூலையில் ஏறிக்கொண்டே வந்த எண் 912. இப்போது அங்கே இருந்தது வெறும் பூஜ்ஜியம்.

யார்க்டன் ஊரில் ஒரு காலத்தில் செருப்புக் கடையாக இருந்த அந்த இடம்தான் இப்போது கிளமென்ட்டின் விளையாட்டுக் கூடம். அன்று அங்கே கார் ஆட்டப் போட்டி. மலை, பாலைவனம், கோதுமை வயல் என்று இஷ்டப்பட்ட பக்கமெல்லாம் ஓட்டலாம். வேலியை உடைத்தால் புள்ளி, வண்டியைச் சறுக்கவிட்டால் புள்ளி, எதிரே வரும் லாரியை மயிரிழையில் ஒதுக்கினால் அதற்கும் புள்ளி. மாலை ஆறு மணிக்குக் கையிருப்பில் யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ, அவருக்கு வான்கூவரில் அந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் கம்பெனியில் ஒரு வருடம் வேலை. புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை. முட்டை ஆலையில் ஆறு வருடமாக விளக்கடியில் முட்டையைத் தூக்கிப் பிடித்துத் தரம் பிரிக்கும் ஜோலீனுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 912 புள்ளியையும் எவரோ மொத்தமாகச் செலவழித்திருந்தார்கள். எதற்கு? ஆட்டத்தில் ஒருவரும் தொடாத சாணி லாரி ஒன்றுக்கு! அதன் எஞ்சின், சக்கரம், ஹாரன், எல்லாவற்றையும் மெருகேற்றி வைத்திருந்தார்கள். செலவழித்த புள்ளியை அந்த ஆட்டம் திருப்பித் தராது.

"சாணி லாரியா..." என்ற ஜோலீனின் குரல் உடைந்தது. "எட்டு மணி நேரப் போட்டில ஆறு மணி நேரம் போச்சு. இனிமே நான் எங்க போய்ப் பிடிக்கறது?"

"சரி விடு, ஜோலீன். வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அவள் தோளைத் தொட்டான் புருஷன் கார்த். அவனும் அன்று போட்டியில் இருந்தான்.

பக்கத்துத் தடுப்புக்குள்ளிருந்து எழுந்து வந்தாள் லோர்னா பெட்ரிஷின். போக்குவரத்துப் போலீசில் முப்பது வருடம் விபத்து விசாரித்து ஓய்வு பெற்றவள். 'பனியில சறுக்கிட்டேன்' என்று எவன் சொன்னாலும் முதலில் அவன் வாயை முகர்ந்து பார்த்த பெண்மணி. அன்றைய போட்டியில் 95 புள்ளியோடு கடைசி இடம். ஊரே அவளை ஏட்டம்மா என்று கேலியாகக் கூப்பிடும். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க. வாசலுக்கும் போகாதீங்க" என்றாள்.

"ஏட்டம்மா, இது கொலைக் கேஸ் இல்ல" என்றான் வெஸ், வாயில் உருளைக்கிழங்கோடு.

"நீ முதல்ல வாயை மூடிட்டு முழுங்கு."

வெஸ் ஒக்கிமா 780 புள்ளியோடு இரண்டாம் இடத்தில் இருந்தான். ஜோலீன் விழுந்தால் வான்கூவர் அவனுக்குத்தான். கிளமென்ட்டின் பார்வை ஏற்கெனவே அவன் மேல் குத்திட்டு நின்றது. அதற்குப் பழைய காரணமும் உண்டு. போன வருடப் போட்டியில் வெஸ் தன் கன்ட்ரோலர் கைப்பிடியின் வேக விசையை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, திருப்பும் குமிழையும் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டு, மேஜையில் தலை வைத்துத் தூங்கியவன். வண்டி பாட்டுக்கு வட்டமடித்துச் சறுக்கிச் சறுக்கிப் புள்ளி சேர்த்தது. கையால் ஓட்ட வேண்டும் என்பது விதி. ஒரு வருடத் தடை அனுபவித்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்திருந்தான்.

லோர்னா ஜோலீனிடமிருந்து ஆரம்பித்தாள்.

"எப்ப வெளிய போன?"

"நாலு அஞ்சுக்கு. மைனஸ் முப்பத்திரண்டு, லோர்னாக்கா. கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிடலைன்னா ராத்திரி வண்டி கிளம்பாது."

"போகும்போது எவ்வளவு இருந்தது?"

"912."

"நானும் பார்த்தேன்" என்றார் கிளமென்ட். "சுவர்ப் பலகையில பெரிசா இருந்துச்சே."

"திரையைப் பூட்டினியா?"

"இந்த ஊர்ல யாரு வீட்டையே பூட்டறாங்க?"

அதுவும் நியாயம்தான். அடுத்தது வெஸ்.

"நாலு அஞ்சுலேர்ந்து நாலு இருபது வரைக்கும் எங்க இருந்த?"

"சமையல் வாசல்ல. கிழங்குக்கு மேல குழம்பு ஊத்தித் தரச் சொல்லி நின்னுட்டிருந்தேன்."

"முழு நேரமுமா?"

"கழிவறைக்கும் போனேன். அதுக்கும் சாட்சி வேணுமா?"

"கிளமென்ட், இவன் நின்னானா?"

"நின்னான். ஆனா நான் எண்ணெயைப் பார்ப்பனா, இவன் மூஞ்சியைப் பார்ப்பனா? திரும்பினப்ப ஒரு தடவை ஆளக் காணோம்."

காலடிச் சத்தம் கேட்டிருக்க வழியே இல்லை. குளிர்காலத்தில் எல்லோர் பூட்ஸும் வாசலில் வரிசை கட்டிவிடும். உள்ளே கம்பளத்தின் மேல் எல்லோரும் காலுறையோடுதான் நடமாட்டம். காதில் ஹெட்போன் வேறு. உட்காரும் இடங்களுக்கு நடுவே ஆளுயரத் தடுப்பு.

"கார்த், நீ?"

"நான் எழுந்திருக்கவே இல்ல. சுவத்துல பாருங்க, என் வண்டி ஓடிட்டே இருந்திருக்கும்."

சுவர்ப் பலகையில் ஆட்டத்தின் முழு வரைபடமும் தெரியும். ஒவ்வொருவர் வண்டியும் ஒரு வண்ணப் புள்ளி. அந்தக் கால் மணி நேரத்தில் ஜோலீனின் சிவப்பும் வெஸ்ஸின் மஞ்சளும் நின்றுவிட்டிருந்தன. கார்த்தின் பச்சை, வறண்ட ஏரியில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு லோர்னாவே சாட்சி. அவள் தன் நீல வண்டியோடு அந்த ஏரிக்குப் போயிருந்தாள்.

சொல்லப்போனால் கார்த் மேல் அவளுக்கு அப்போது ஒரு சின்னக் கோபம்கூட இருந்தது. இந்தப் பக்கத்து மண் சாலைகளில் எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டாமல் எவரும் போகமாட்டார்கள். ஆட்டத்தில் விரலுக்கு வழியில்லாததால் இரண்டு ஹாரன். அவள் இரண்டு அடித்தாள். கார்த் அடிக்கவில்லை. சரி, கேட்கவில்லை போலிருக்கிறது என்று கிட்டே போனவள் கரையோரக் கல் ஒன்றில் ஏறி, அவன் சுற்றும் பாதைக்குப் பக்கத்திலேயே தலைகீழாகக் கவிழ்ந்து, நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தாள். அதற்கும் ஒரு ஹாரன் இல்லை. இத்தனைக்கும் கார்த் மரியாதை தெரிந்தவன். ஹாரன் அடித்தால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பதில் அடிப்பவன்.

"இதோ!" என்று கத்தினார் கிளமென்ட். வெஸ்ஸின் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தபோது, விரலில் தடித்த நீல ரப்பர் பேண்டு ஒன்று தொங்கியது. ப்ராக்கோலிக் கட்டுக்குப் போட்டு வருமே, அது.

"அது என்னுது இல்ல!" வெஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா இல்ல. ஒரு தடவை பட்டது போதாதா எனக்கு?"

"போன வருஷமும் இதே நீலம். புத்தி வரலை, பாரு! ஜோலீன் புள்ளியையும் நீதான் கவிழ்த்திருக்க. இனி ஆயுசுக்கும் உனக்கு இங்க இடம் கிடையாது. எழுந்து போடா!"

"திருட்டுப் பய" என்றான் கார்த். ஜோலீனின் கையுறைகளை எடுத்து அவளிடம் நீட்டினான். "வா, போகலாம். குளிர் ஏறுது."

வெஸ் லோர்னாவைப் பார்த்தான்.

அவள் ரப்பர் பேண்டை வாங்கி இழுத்துப் பார்த்தாள். இழுத்தாள், விட்டாள். மறுபடி இழுத்தாள். சுவர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ஜோலீன் 0. வெஸ் 780. கார்த் 415. லோர்னா 95.

"கிளமென்ட், மூணே முக்காலுக்கு நீங்க கணக்கு வாசிச்சீங்களே. கார்த்துக்கு எவ்வளவு?"

"முன்னூத்துச் சொச்சம். சில்லறை கார்த்துன்னு கிண்டல்கூடப் பண்ணினோமே."

அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. வித்தை மேல் வித்தையாகக் காட்டிக்கொண்டே போனால் புள்ளி பெருகிக்கொண்டே போகும். சில விநாடி சும்மா ஓட்டினால் அது கணக்கில் ஏறும். ஏறுவதற்குள் எதிலாவது மோதினால் அத்தனையும் அம்பேல். அந்தப் பயத்தில் கார்த் துளி சேர்ந்ததுமே கணக்கில் போட்டுவிடுவான். நாள் முழுக்க அப்படித்தான் ஓட்டினான்.

மணி 4.50.

"கார்த், போகும்போது ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ" என்றாள் லோர்னா. "நான் வறண்ட ஏரிக்கு வந்தேனே, கவனிச்சியா?"

"கவனிச்சேனே. ஹாரன் அடிச்சீங்க."

"நீ?"

"நானும் அடிச்சேன். கேக்கலையா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீங்க உங்க வழியில போயிட்டீங்க."

லோர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பது வருடமாக எத்தனையோ சாலையோரங்களில் இதே மாதிரி பதில்களைக் கேட்டவள். இந்தத் தடவை அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"நான் எங்கயும் போகலை, கார்த். உன் வண்டி சுத்தற பாதைக்குப் பக்கத்துலயே, குட்டிச்சுவத்துல மோதின எருமை மாதிரி மல்லாந்து கிடந்தேன். ஒரு நிமிஷம் கிடந்திருப்பேன். ஒவ்வொரு சுத்துக்கும் உன் திரையில என் சக்கரம்தான் தெரிஞ்சிருக்கும். அதைப் பார்த்த எவனும் மறக்கமாட்டான். வெஸ்ஸா இருந்தா ஈஸ்டர் வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்."

"நான்... புள்ளியில கவனமா இருந்தேன்."

"இருந்திருப்ப. ஆனா இந்த ரப்பர் பேண்டைப் பாரு." அதை மேஜையில் போட்டாள். "ஜோலீன் புள்ளியைச் செலவழிக்க இது எதுக்கு? அவ இடத்துல உட்கார்ந்து நாலு பொத்தானை அமுக்கினாப் போதும். வெஸ் வண்டியோ அந்த நேரம் நின்னுட்டிருந்துச்சு. நிக்கற வண்டிக்கு யாராவது விசையைக் கட்டுவாங்களா?"

கிளமென்ட் வெஸ்ஸின் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

"ரப்பர் பேண்டு யாருக்கு வேணும்? ஆள் எழுந்து போனாலும் வண்டி ஓடணும்னு நினைக்கிறவனுக்கு. அந்தக் கால் மணி நேரத்துல ஓடினது ரெண்டே வண்டி. ஒண்ணு என்னுது. கட்டிப்போட்ட வண்டி கல்லுல ஏறிக் கவிழ்றதுக்கு ஏரிக்குத் தேடிப் போகாது. இன்னொண்ணு அங்கயே வட்டமடிச்சுது. கரையோரக் கல்லைத் தவிர, மோதறதுக்கு அந்த ஏரி நடுவுல ஒண்ணுமே கிடையாது, அதான் நீ அந்த இடத்தைப் பிடிச்ச. மனுஷனுக்குப் பயம் வரும், நடுவுல நிறுத்திக் கணக்குல போடுவான். ரப்பருக்கு என்ன பயம்? காலையிலேர்ந்து சில்லறை பொறுக்கினவன், கால் மணியில சேர்ந்த நூறைத் திரும்பி வந்து மொத்தமாக் கணக்குல போட்டிருக்க. வெஸ்ஸை மாட்டிவிடணும்னு பேண்டை அவன் மேஜைக்கடியில போடாம உன் பாக்கெட்ல போட்டிருந்தா, நான் உன்னை நினைச்சே பார்த்திருக்கமாட்டேன்."

"எதுக்கு நான் அப்படிப் பண்ணணும்?" கார்த் குரலை உயர்த்தினான். "புள்ளி போனதுல எனக்கு என்ன லாபம்? ஜெயிக்கப் போறது வெஸ்ஸு!"

"லாபத்தை நானும் அந்தப் பக்கமேதான் தேடிட்டிருந்தேன். ஆனா இங்க எல்லாரும் யாரு பண்ணினதுன்னு கத்தினாங்க. நீ மட்டும் வந்ததுலேர்ந்து வீட்டுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம்னு ஒரே பாட்டு."

ஜோலீன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கார்த். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவனால் பார்க்க முடியவில்லை. கையுறைகளை மேஜையில் வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

"பெரிய ஊரு" என்றான். "அங்க போனா இந்த ஊரு உனக்குப் பிடிக்குமா? என்னைப் பிடிக்குமா? நீ திரும்பி வரமாட்டேன்னு பயந்துட்டேன், ஜோலீன்."

கிளமென்ட் சுவர்ப் பலகைப் பக்கம் கை காட்டினார்.

"பலகையில 912 இருந்ததை நானும் என் கண்ணால பார்த்தேன். ஆட்டம் திருப்பித் தராட்டி என்ன, இனி நீ எடுக்கறதோட அதை நானே கூட்டிக்கறேன், தொடர்ந்து ஓட்டும்மா. கார்த் போட்டியில இல்ல. வெஸ்... உன்னைப் பேசினது தப்புப்பா. மன்னிச்சுக்கோ. இதுல உனக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

வெஸ் தன் கைப்பிடியை எடுத்துக்கொண்டான். "தோக்கறதா இருந்தா அவங்க கையால தோத்துக்கறேன். சாணி லாரி கையால வேணாம்."

யாரோ சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜோலீன் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினாள். உட்காரும்முன் கார்த்திடம் சொன்னாள், கோபமில்லாத சாதாரணக் குரலில்:

"நான் திரும்பி வர்ற டிக்கெட்டுக்கும் விலை பார்த்து வெச்சிருந்தேன், கார்த். உன் பிறந்த நாளுக்கு முதல் நாள் வந்து நிக்கற மாதிரி. நீ கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப போறதுக்கு மட்டும் வாங்கினாப் போதும்."

அவள் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.