ஆறாம் விமானத்தின் மூன்றாம் இருக்கை

ஒப்படைப்பு நாளுக்கு முந்தைய நாள் காலை, நறுமுகை தன் பழைய விமான அணியின் வரலாற்றுக்குக் கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தாள். போர் முடிந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதும், ஒவ்வொரு குண்டுவீச்சு அணியும் தன் வரலாற்றைத் தானே எழுத வேண்டும். குண்டு விழுந்த ஊருக்குப் போய், அந்த மக்கள் முன்னால் வாசித்து ஒப்படைக்க வேண்டும். அதுதான் சட்டம். பூட்டிக்கிடந்த பறப்புப் பதிவுகள், எழுதுகிறவரின் கண்ணுக்கு மட்டும், அன்றுதான் திறந்தன.

அணியில் ஆறு விமானங்கள். விமானத்துக்கு ஐந்து பேர். இலக்கு வந்ததும் ஐவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துவார்கள். ஒன்றுதான் குண்டை வீசும் உயிர்ப்பொத்தான், மற்ற நான்கும் வெறும் பொம்மை. எது யாருடையது என்பதைப் பறப்புக்குப் பறப்பு கணிப்பொறி குலுக்கிப் போடும். யார் வீசினார் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குள்தான் நறுமுகை இத்தனை ஆண்டுகள் குடியிருந்தாள். நெஞ்சு கனக்கும்போதெல்லாம் அதை ஐந்தாகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் சுமந்தாள்.

முதல் விமானத்தின் பதிவில் உயிர்ப்பொத்தான் இருக்கை மாறி மாறிச் சுற்றியிருந்தது. அடுத்த நான்கிலும் அப்படியே. ஆறாவது அவளுடைய விமானம். முதல் பறப்பில் நான்காம் இருக்கை. அதன்பின் நாற்பது பறப்புகளிலும் மூன்றாம் இருக்கை. அவள் இருக்கை. பக்கத்தில் ஒரே குறிப்பு: 'குலுக்கல் நிறுத்தம்: விமானத் தலைவரின் சாவியால்.'

விமானத் தலைவராக இருந்த சாமுவேலை அழைத்தாள். மேசைக்கு மேலே அவருடைய ஒளியுருவம் எழுந்தது. கையில் காபித் தம்ளர்.

"என்னம்மா ரைட்டர், முடிச்சுட்டியா? என்னைக் கொஞ்சம் கலரா எழுது, சொல்லிட்டேன்."

"குலுக்கலை ஏன் நிறுத்தினீங்க, கேப்டன்?"

தம்ளர் மெல்லக் கீழே இறங்கியது.

"முதல் தடவை போயிட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கா? எங்க நாலு பேராலயும் தட்டைத் தொடக்கூட முடியல. நீ மட்டும் ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கின. இவளுக்குத் தாங்கும்னு தோணுச்சு. நாலு பேரும் பேசித்தான்..."

"என் பொண்ணுக்குப் பேர் வெச்ச லதீஃபுமா?"

"அவன்தான் முதல்ல சொன்னான்."

"அஞ்சுல ஒண்ணுன்னு நம்பினேன் கேப்டன். அதனாலதான் எனக்குச் சோறு இறங்குச்சு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்புதாம்மா. ஆனா பதிவை நீ மட்டும்தானே பாக்குற? குலுக்கல்னே எழுதிடு. உன் பேரும் தப்பிச்சிடும்ல?"

தப்பிக்கலாம்தான். நாளை அந்த ஊர் மேடையில் நிற்கப்போவது அவள்.

"நீங்க எனக்குப் பண்ணினதை நான் அவங்களுக்குப் பண்ண மாட்டேன்" என்றாள்.

பறப்புக்கு ஒரு வரியாக எழுதத் தொடங்கினாள். இரண்டாம் பறப்பு: வீசியவர் நறுமுகை, அவர் அறியாததை அறிந்திருந்தவர்கள் நால்வர். அந்த நான்கு பெயர்களையும் விடவில்லை. சாமுவேல் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை.

பதினேழாம் பறப்பில் கை நின்றது. ஆயுதக் கிடங்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கீழே சந்தை கூடியிருந்தது. அதில் ஒரு பங்கைக்கூட அவள் ஏற்றதில்லை. அது மட்டும் தன் பொத்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் படுக்கையை விட்டு எழுந்தாள்.

பதில் திரையிலேயே இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"கேப்டன், பதினேழாவதாவது வேற யாராவதா?"

"இல்லம்மா."

அவள் தன் பெயரை எழுதினாள்.