அம்பு நடக்கப் பழகியது

அவளுக்குச் சுட்டி என்று பெயர் வைத்தது அப்பாதான். மவுஸுக்கும் தமிழில் சுட்டி என்றுதான் பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குக் கொண்டாட்டம். "மேசை மேல இருக்குற சுட்டி இழுத்த இழுப்புக்கு வரும். இந்தச் சுட்டி வருமா?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்பாவுக்குக்கூடக் கேலி வரவில்லை. அம்மாவின் குரல் போய்விட்டது.

"தொண்டை புண்ணாயிருக்கு. ரெண்டு நாளைக்கு வாயே திறக்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்மா நூலகத்தில் சிறுவர் பிரிவைக் கவனிப்பவர். மறுநாள் காலை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே கணினியில் படம் வரையக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். சுட்டியின் தம்பியும் அதில் உண்டு. வரமுடியாது என்று சொன்னால் பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள். பேசாமல் எப்படிக் கற்றுக்கொடுப்பது? அம்மா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, பேசவே வேணாம்" என்று சுட்டி துள்ளி எழுந்தாள். "பெரிய திரையில மவுஸோட அம்பு தானா நகர்ந்து வீடு வரையட்டும். பிள்ளைங்க அதப் பாத்து வரையட்டும். நாம ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு கையப் பிடிச்சு உதவலாம்."

அம்மா புருவத்தை உயர்த்தினார். யார் நகர்த்துவது என்று கேட்கிறார்.

"நான் நிரல் எழுதுறேன். எங்க போகணும், எங்க அழுத்தணும்னு வரிசையா சொல்லிட்டா கம்ப்யூட்டர் அப்படியே செய்யும்."

பள்ளியில் கற்ற வித்தை அது. சிறிது நேரத்தில் நிரல் தயார். தம்பியைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து ஓடவிட்டாள்.

சட். சட். சட். திரையில் ஒரு வீடு நின்றது.

"எப்படிடா?"

"அம்பு எங்க இருந்துச்சு?" என்று தம்பி விழித்தான். "இங்க பாத்தேன், அங்க போயிடுச்சு. அங்க பாத்தேன், காணோம். தவளையா அது?"

அவன் சொன்னது சரிதான். அம்பு நடக்கவில்லை, குதித்தது. சுட்டி நிரலை மாற்றினாள். இப்போது அம்பு ஒரே வேகத்தில், நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் போனது.

தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "அக்கா, இது பேய் மாதிரி போகுது. அம்மா பண்ணா இப்படிப் போகாது."

"அம்மா பண்ணா எப்படிப் போகும்?"

"தெரியாது. அம்மா மாதிரி போகும்."

சுட்டிக்குப் பொறி தட்டியது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து கணினி முன் உட்கார வைத்தாள். "இந்தப் பட்டன அழுத்தும்மா. இப்போ அந்த மூலைக்குப் போ. மறுபடியும்."

சுட்டி கண் கொட்டாமல் பார்த்தாள். அம்மாவின் மணிக்கட்டு திரும்பியபோது அம்பு லேசாக வளைந்து போனது. மெல்லக் கிளம்பியது, நடுவில் வேகம் எடுத்தது, பட்டனை நெருங்கியதும் நிதானமானது. சில முறை பட்டனைத் தாண்டிப் போய், அடடா என்பதுபோல் கொஞ்சம் திரும்பி வந்தது. அழுத்துவதற்கு முன் ஒரு நொடி நின்றது. ஒருமுறை போன வழியில் மறுமுறை போகவே இல்லை.

"தம்பி, கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். கை தட்டிக் குதித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

வளைவைச் சேர்த்தாள். வேகத்தைக் கூட்டிக் குறைத்தாள். சில நேரம் கொஞ்சம் தாண்டிப் போகச் சொன்னாள். எவ்வளவு வளைய வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும் கணினியே குலுக்கல் போட்டு எடுக்கும்படி வைத்தாள். ஓடவிட்டதும் தம்பி சத்தமில்லாமல் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். அம்மா அங்கே ஒளிந்திருக்கிறாரா என்று.

மறுநாள் நூலகம் கலகலவென்று நிறைந்தது. சுவரில் பெரிய திரை. வரிசையாகக் கணினிகள். அம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும், அது தங்களுக்கு என்று நினைத்துப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அம்பு கிளம்பியது. ஒரு சதுரம் வரைந்தது. பிள்ளைகளின் கண்கள் அதன் பின்னாலேயே போயின. சின்னச் சின்னக் கைகள் மவுஸை நகர்த்தின. சுட்டி எம்பி எம்பிப் பார்த்தாள். நடக்கிறது, உண்மையிலேயே நடக்கிறது.

கடைசி வரிசையில் ஒரு விசும்பல். இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி, உதடு பிதுங்க உட்கார்ந்திருந்தாள்.

"நான் சுவரே முடிக்கல. அம்பு கூரைக்குப் போயிடுச்சு."

சுட்டி திகைத்தாள். அம்புக்குக் கை மாதிரி நகரக் கற்றுக்கொடுத்தோம். ஆனால் அம்மாவாக இருந்தால் இந்நேரம் திரும்பிப் பார்த்திருப்பாரே, நின்றிருப்பாரே.

ஓடிப்போய் நிரலை நிறுத்தினாள்.

"அம்பு தூங்கிடுச்சா?" என்றது ஒரு குரல்.

"இல்ல, தண்ணி குடிக்கப் போயிருக்கு. இதோ வந்துடும்" என்றான் தம்பி பெரிய மனிதன்போல.

சுட்டியின் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. ஒவ்வொரு கோடு முடிந்ததும் நில். நான் விசையைத் தட்டும் வரை போகாதே. நிற்கும்போது மரக்கட்டையாக நிற்காமல், ஓய்வில் இருக்கும் கைபோல் லேசாக அசை.

மறுபடி ஓடவிட்டாள். அம்பு சதுரத்தை முடித்து நின்றது. மெல்ல அசைந்தபடி காத்திருந்தது.

"எனக்காக நிக்குது" என்றாள் இரட்டைச் சடை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆமா. நீ முடி. அது எங்கயும் போகாது."

அம்மா அந்தச் சிறுமியின் கைமேல் கை வைத்தார். சுவர் முடிந்தது. சுட்டி விசையைத் தட்டினாள். கூரை, கதவு, ஜன்னல். எல்லாத் திரைகளிலும் வீடுகள் எழும்பின. சாய்ந்த வீடு, குண்டு வீடு, கதவு கூரையில் இருக்கும் வீடு. "அதுல ஏணி போட்டு ஏறணும்" என்றான் வரைந்தவன். சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நேரமாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாகக் கிளம்பினார்கள். வாசல் வரை போன இரட்டைச் சடை நின்று, பெரிய திரையைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அம்பு, டாட்டா."

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிக் கையசைத்துவிட்டு, பதிலுக்காக நின்றார்கள்.

சுட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிரலில் டாட்டா இல்லை. எழுத நேரமும் இல்லை. மெல்ல மவுஸின் மேல் கை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

திரையில் அம்பு டாட்டா காட்டியது. அது அவள் கை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.